விரல் அகலம்

ஒரு வாரத்துக்கு மட்டும் என்று
பெங்களூரிலிருந்து வந்த பெட்டியை
பாகலூர் சாலைப் பட்டறையில்
தஸ்தகீர் திறந்தபோது மணி பதினொன்று.
கரண்ட் இல்லை.
ஆகவே முதல் மதிப்பெண் பூஜ்யம்.

கையில் பிடிக்கிற ரூட்டர்தான்.
ஆனால் இதற்குக் கண் உண்டு, திரை உண்டு.
பலகைமேல் ஒட்டும் நாடாவில்
தாயக்கட்டைப் புள்ளிகள் கறுப்பும் வெள்ளையுமாய்;
அதைப் பார்த்துத்தான்
தான் நிற்கும் இடத்தை அது தெரிந்துகொள்ளும்.
(அப்படி ஒட்டிவைத்தால் எனக்கும் தெரியும்.)

கோட்டின்மேல் நான் தள்ளுகிறேன்.
என் கை விலகும், பிட் விலகாது.
ஒரு விரல் அகலம்வரை
என் தடுமாற்றத்தை உள்ளே வாங்கி
வெளியே கோடாகத் தரும்.
அதற்கு மேல் போனால்
கத்தாது, கோபிக்காது,
பிட்டை மேலே இழுத்துக்கொண்டு
சும்மா நிற்கும்.
கடன் கொடுத்தவர் யாரும்
என் முன்னால் இவ்வளவு மரியாதையாக நின்றதில்லை.

விலை மூன்று லட்சத்துச் சொச்சம்.
நாடா தனி.
கணக்கு நோட்டின் கடைசித் தாளில்
நடுவே ஒரு கோடு கிழித்தேன்,
ஸ்கேல் தேடவில்லை, கோடு கோணல்.

இடப்பக்கம்:
நாற்பத்தெட்டுக் கதவுக்குக் கீல் குழி.
தஸ்தகீரின் அச்சுப்பலகை,
வீணாய்ப்போன எம்.டி.எஃப் துண்டில் செய்தது,
சாப்பாட்டு வேளைக்குள் எல்லாவற்றையும் முடித்தது.
இது அப்போது
பதினேழாவது கதவுக்கு நாடா கேட்டுக்கொண்டிருந்தது.
அன்று மாலை கேமராமேல் படிந்த தூளைக்கூடத் துடைக்காமல்
பெட்டியை மூடினேன்.

வலப்பக்கம்:
மத்திகிரி பல் டாக்டர் யாழரசியின் பெயர்ப்பலகை.
வேங்கை மரம்.
சம்பங்கி உளியெடுத்தால்
ழகரத்தின் அடிச்சுழிக்கே ஒரு காலைப்பொழுது.
இங்கே பெயர் முழுக்க நாற்பது நிமிடம்.
சுழியின் உள்விளிம்பில் நகத்தை ஓட்டினேன்,
எங்கும் தடுக்கவில்லை.
சம்பங்கியும் ஓட்டிப் பார்த்தான்.
"நல்லாத்தான் இருக்கு.
முடிச்சு இருக்கிற இடம்தான் அதுக்குத் தெரியல,
பாருங்க, இங்க நார் பிய்ஞ்சிருக்கு."
இரண்டும் உண்மை.
ஒன்றை வலப்பக்கம், ஒன்றை இடப்பக்கம் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை கெலமங்கலம்.
கருங்கல் சுவர் வீடு, படிக்கட்டுக்கடியில் அலமாரி.
வரைபடத்தில் சுவர் நேர்.
வீட்டில் சுவர் தன் இஷ்டம்.
மெஷின் வரைபடத்தை நம்பியது,
அரை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டியது.
ஓரம் கண்ணாடி மாதிரி.
பொருத்தினால்
இடைவெளியில் பல்லி போய் வந்தது.

யாரைத் திட்ட?
மூலையில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை அளந்துவிட்டு
மிச்சத்தை நேர் என்று எண்ணிக்கொண்டவள் நான்.
தள்ளும் கையின் பிழையை அது திருத்தும்;
அளவுநாடா பிடித்த கையின் அவசரத்தை
எந்தக் கேமரா பார்க்கும்?

டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கினேன்.
சுவரோடு சாய்த்து,
பென்சிலைச் சக்கைக்கட்டையோடு சேர்த்துப் பிடித்து,
கல்லின் மேடு பள்ளம் அத்தனையும்
அட்டையில் இறக்கினேன்.
வெட்டிக் கேமராவிடம் காட்டினேன்.
திரையில் சுவர் வந்தது,
நெஞ்சுத்துடிப்புத் தாள்போல.
அந்தக் கோட்டில் தள்ளினேன்.

இந்தத் தடவை பல்லிக்கு வழியில்லை.
வீட்டுக்காரர் கல்லையும் பலகையையும்
மாறி மாறித் தட்டிக்கொண்டே இருந்தார்.

டீ கிளாஸைக் கீழே வைத்தான் சம்பங்கி.
"அட்டை இருந்தா ஜிக்ஸாவும் அரமும் போதும்,
மூணு மணிநேரத்துல நானே முடிச்சிருப்பேன்."
முடித்திருப்பான்.
நான் முடித்திருக்க மாட்டேன்.
மரத்தைவிட ரசீதுப் புத்தகம் அதிகம் பிடித்த கை இது.
எந்தப் பக்கம் எழுத இதை?
கோணல் கோட்டின் மேலேயே எழுதினேன்.

திங்கட்கிழமை பெட்டியைக் கட்டினோம்.
நாடாவில் ஒரு சாண் மிச்சம்,
கொடுக்க மனசில்லாமல் மேசைக்கடியில் ஒட்டிவைத்தேன்.
"வாங்குறோமா அக்கா?" என்றான் தஸ்தகீர்.
அடுத்த மாதம்
எத்தனை கோணல் சுவர் வருகிறது பார்ப்போம் என்றேன்.